துடைப்பம் கற்பிக்கும் பாடம்

"கடமைகள் முடியட்டும், பிறகு இறைவனை நினைப்போம்" என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். கடமைகள் முடிவதில்லை, ஆயுள்தான் முடிகிறது.

அன்னை ஸ்ரீசாரதாதேவியார் 1872-ஆம் ஆண்டு தட்சிணேசுவரத்திற்கு வந்தார். அங்கு அவர் பல காலம் வாழ்ந்தது நகபத் என்னும் கட்டடத்தின் கீழறையில். மிகச் சிறிய அவ்வறையிலேயே சமையற் பொருள்களும் பாத்திரங்களும் இருந்தன. விடியுமுன் கங்கையில் நீராடி ஜபத்தில் அமர்வார். பின்னர், காய் நறுக்குவதிலும் மாவு பிசைவதிலும் குருதேவருக்கும் பக்தர்களுக்கும் சமைப்பதிலும் பொழுது கழியும். அவருக்கு ஜபமும் சமையலும் ஒரே வழிபாட்டின் இரு பகுதிகள்.

பிற்காலத்தில் ஒருநாள், முற்றம் பெருக்கி முடித்த ஒருவர் துடைப்பத்தை அலட்சியமாக மூலையில் வீசினார். அதைக் கண்ட அன்னை அவரைத் திருத்தினார். வீசுவதற்கு ஆகும் நேரமே மெதுவாக வைப்பதற்கும் ஆகும் என்றும், துடைப்பமும் வீட்டின் ஓர் அங்கமே, அதற்குரிய மதிப்பை அளிக்க வேண்டும் என்றும் எடுத்துரைத்தார்.

'நேரமில்லை' என்னும் நமது சாக்கு இங்கே உடைந்துபோகிறது. அன்னை வேண்டியது கூடுதல் நேரத்தை அன்று, சிரத்தையை மட்டுமே.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. 'வேலையே வழிபாடு' என்று கூறி அன்னை ஜபத்தைக் கைவிடவில்லை. விடியற்காலை ஜபத்தில் ஊறிய மனமே பகலில் துடைப்பத்திடமும் பரிவு காட்டியது.

ஆகவே, காலையில் சிறிது நேரமேனும் இறைவன் திருநாமத்தை ஜபிப்போம். பிறகு, நாம் சலிப்புடன் செய்யும் வேலை ஒன்றைத் தேர்ந்து, இன்று அதை அவனுக்கு அர்ப்பணமாகச் செய்வோம். வேலை மாறாது, செய்பவர் மாறுவார்.