நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்கிறவர்கள்

எஸ்பிஎம் முடிவு வந்த வாரம் குளுவாங்கில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு தகப்பனார், "மகள இன்டீரியர் டிசைன்ல போட்டாச்சுங்க. கடைசி வருஷம் மிலானுக்கே கூட்டிட்டுப் போறாங்களாம்" என்றார். "உனக்கு வரையப் பிடிக்குமாம்மா?" என்று அந்தப் பிள்ளையைக் கேட்டேன். "தெரியல அங்கிள். கூட்டாளிங்க மூணு பேர் சேர்ந்திருக்காங்க" என்றாள். அவளுக்காகவும், இந்த ஆண்டு விண்ணப்பப் பாரத்தோடு உட்கார்ந்திருக்கும் மற்ற ஜொகூர்ப் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

மருத்துவம், கணக்கியல், பொறியியலுக்கு யோசனை சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. வீட்டுப் பொருள், தளவாடம் என்று போக நினைக்கும் பிள்ளைக்குத்தான் இல்லை. இத்தனைக்கும் மலேசியா வெளிநாட்டுக்கு அனுப்பும் தளவாடத்தில் பாதிக்கும் மேல் நம் மாநிலத்து மூவார் வட்டாரத்தில் செய்யப்படுகிறது. அதில் பெரும்பாலும் ரப்பர் மரம். நம் பாட்டன் பாட்டி விடியற்காலையில் பால் வெட்டிய அதே மரம். இருபத்தைந்து, முப்பது ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்ததை ஒருகாலத்தில் விறகாக எரித்தார்கள். வெட்டிய சில நாளில் பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்துவிடும், வண்டு துளைத்துவிடும். போரான் கரைசலை அழுத்தத்தில் உள்ளே ஏற்றி, சூளையில் உலர்த்தக் கற்றுக்கொண்ட பிறகுதான் அது உலகச் சந்தைக்குப் போனது.

இந்தத் துறைக்குள் போகச் சில வழிகள் உண்டு. பேச்சுத் திறமையும் மாண்டரினும் இருந்தால் வணிகம் படித்து ஏற்றுமதி விற்பனைக்குப் போகலாம், நல்ல வழி. வரையும் கையும் கணக்கும் சேர்ந்து வந்தால் பொதுப் பல்கலைக்கழகத்தில் தொழில்துறை வடிவமைப்பு. மரத்தைத் தொட ஆசை இருந்தால் எஸ்கேஎம் திறன் சான்றிதழ். மலேசிய மரத்தொழில் வாரியமே பந்திங்கில் பயிற்சி மையம் நடத்துகிறது.

நான்காவதுதான் எல்லாரும் ஓடும் வழி: தனியார்க் கல்லூரியில் உள் அலங்கார டிப்ளோமா. அந்தத் தொழிலை நான் குறை சொல்லவில்லை. நம் நாட்டில் உள் அலங்கார வடிவமைப்பாளர் என்று பதிவு பெற, கட்டடக் கலைஞர்களைப் பதிவு செய்யும் அதே வாரியத்துக்குத்தான் போக வேண்டும். அவ்வளவு பொறுப்புள்ள வேலை அது. ஆனால் நீங்கள் சேரப்போகும் படிப்பை அந்த வாரியம் ஏற்கிறதா, எம்க்யூஏ அங்கீகாரம் இருக்கிறதா என்று எத்தனை பெற்றோர் கேட்கிறார்கள்? கேட்பதெல்லாம் கட்டடம் புதுசா, வெளிநாட்டுப் பயணம் உண்டா என்பதுதான். கடன் பிடிபிடிஎன்னில் பிள்ளை பேரில் ஏறுகிறது.

மூவாரில் ஒரு தொழிற்சாலையின் மாதிரிப் பட்டறையில் பத்தொன்பது ஆண்டு இருந்தவன் நான். அப்படி ஒரு கல்லூரியில் படித்த பையன் வேலை கேட்டு வந்தான். கணினியில் அவன் வரைந்திருந்த நாற்காலி கண்ணைப் பறித்தது. "கால் சட்டத்தோடு எப்படித் தம்பி சேரும்?" என்றேன். "அத கார்பென்டர் பாத்துக்குவாரு சார்" என்றான். மூன்று ஆண்டில் அவன் கையில் யாரும் இழைப்புளி கொடுக்கவில்லை. அவன் மேல் எனக்குக் கோபமில்லை, அவன் வீட்டார் கட்டிய பணத்தை நினைத்துத்தான் வயிறு எரிந்தது.

கண்காட்சிக்குப் போனால் இது புரியும். கோலாலம்பூரில் 1995-இலிருந்து அனைத்துலகத் தளவாடக் கண்காட்சி நடக்கிறது. வாங்க வருகிறவர் நாற்காலியை ரசித்துக்கொண்டு நிற்பதில்லை. சட்டென்று கவிழ்ப்பார். மூட்டில் விரலை ஓட்டுவார். மரத்தில் ஈரம் எத்தனை சதவீதம், பிரித்து அடுக்கினால் பெட்டி எவ்வளவு பெரிசு, நாற்பதடிக் கொள்கலனில் எத்தனை போகும் என்று கேட்பார். பதில் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் ஆர்டர்.

மிலான் கனவும் இதே கதைதான். அங்கே 1961-இல் தொடங்கிய தளவாடக் கண்காட்சியில், 35 வயதுக்குட்பட்ட வடிவமைப்பாளர்களுக்கென்றே 1998 முதல் ஒரு தனிப் பகுதி உண்டு. நம் பிள்ளைகளும் போய் நிற்க வேண்டிய இடம் அது. ஆனால் அந்தக் கண்காட்சிக்குப் பின்னால் நிற்பது மிலானுக்கு வடக்கே உள்ள பிரியான்ட்சா. மேதா, கான்தூ, லிசோனே என்று ஊருக்கு ஊர் தச்சுப் பட்டறை. ஜியோ போன்தி என்ற கட்டடக் கலைஞர், மேதாவின் காசினா பட்டறைக்காரர்களோடு சேர்ந்து, ஒரு நாற்காலியைப் பல ஆண்டு இழைத்து இழைத்துக் குறைத்தார். காலையே முக்கோணமாகச் சீவினார்கள். 1957-இல் வந்த அந்த 'சூப்பர்லெஜ்ஜேரா'வின் எடை 1.7 கிலோ. வரைந்தவரும் இழைத்தவரும் ஒரே மேசையில் உட்காராமல் அது வந்திருக்காது.

அதனால்தான் நான் பட்டறை வழியின் பக்கம் சாய்கிறேன். முதலில் இரண்டு ஆண்டு மரம், பிறகு வடிவமைப்புப் பட்டம். மெதுவான வழிதான். முதல் வருஷம் உப்புத்தாள் தேய்த்தே போகும், சம்பளமும் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. பொறுத்திருங்கள் பிள்ளைகளே. உங்களுக்கு எது வரும் என்பதை உங்கள் கை ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கும். உடைந்த ஸ்டூலைப் பார்த்தால் சரிசெய்யத் தோன்றுகிறதா? அறையில் மேசையைத் தள்ளிப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்களா? இரண்டும் இல்லையென்றால் இந்தத் துறை வேண்டாம், கூட்டாளிகள் எத்தனை பேர் சேர்ந்திருந்தாலும் சரி.

பெற்றோர்களே, சேர்க்கைப் பணம் கட்டுவதற்கு முன்னால் பிள்ளையை அழைத்துக்கொண்டு ஒருநாள் மூவாருக்குப் போய் வாருங்கள். தெரிந்தவர் மூலம் ஒரு பட்டறைக்குள் அனுமதி கேளுங்கள். மரத்தூள் வாசத்தில் இரண்டு மணி நேரம் நிற்க விடுங்கள். திரும்பும் வழியில் நீங்கள் பேசாமல் வாருங்கள், பிள்ளை பேசட்டும்.