அதிகாலை ஐந்து கிலோமீட்டர்

அன்புள்ள தங்கைக்கு,

மனநல விழிப்புணர்வுக்காக நடத்தப்படும் நன்கொடை நடை ஒரே காலையில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. சிகிச்சைக்கும் ஆலோசனைக்கும் பணம் திரட்டுகிறது. வீட்டுக்குள் பூட்டிவைத்த பேச்சைத் தெருவுக்குக் கொண்டுவருகிறது. எல்லாருடைய கண்ணும் நடையின் மீதே இருக்கும். ஆனால் அதன் பயன் பெரும்பாலும் அதற்கு முந்தைய வாரங்களில் தீர்மானமாகிவிடுகிறது.

இத்தகைய நடைகளில் நன்றாக வேரூன்றிய ஒன்று அயர்லாந்தில் இருக்கிறது. ஜோன் ஃப்ரீமன் என்ற உளவியலாளர் 2006-இல் டப்ளினை அடுத்த லூக்கனில் ‘பியேட்டா ஹவுஸ்’ என்ற ஆலோசனை இல்லத்தைத் தொடங்கினார். தற்கொலை எண்ணத்தோடு போராடுவோருக்கும் தம்மையே காயப்படுத்திக்கொள்வோருக்கும் அங்கே இலவசமாக ஆலோசனை கிடைக்கும். மருத்துவரின் பரிந்துரைக் கடிதம்கூட வேண்டாம். இப்படி ஓர் இல்லத்தை ஆண்டு முழுவதும் நடத்தப் பணம் வேண்டுமே! அதில் பெரும்பங்கு பொதுமக்களின் நன்கொடையாகவே வந்தாக வேண்டியிருந்தது. அதற்காக 2009-இல் டப்ளினின் ஃபீனிக்ஸ் பூங்காவில் சுமார் 400 பேர் ஐந்து கிலோமீட்டர் நடந்தார்கள். ‘டார்க்னஸ் இன்டு லைட்’ என்ற அந்த நடை பத்தே ஆண்டுகளில் பல நாடுகளுக்குப் பரவி, லட்சத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொள்ளும் நிகழ்ச்சியாகிவிட்டது.

அதற்குக் குறித்த நேரம் மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அதிகாலை 4.15 மணி. புறப்படும்போது பக்கத்தில் நடப்பவர் முகம் சரியாகத் தெரியாது, மஞ்சள் நிறச் சட்டை மட்டும் தெரியும். நடந்து முடிக்கும்போது பொழுது புலர்ந்திருக்கும். மகனையோ தங்கையையோ நண்பனையோ இழந்தவர்கள், சாவின் விளிம்புவரை போய்த் திரும்பியவர்கள், எந்த இழப்பும் இல்லாமல் துணைக்கு வந்தவர்கள் என்று எல்லாரும் அந்தச் சட்டைக்குள் ஒன்றுதான். யார் எதற்காக வந்தார் என்று எவரும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை. தற்கொலை முயற்சியை அயர்லாந்துச் சட்டம் 1993 வரை குற்றமாக வைத்திருந்தது. அப்படிப்பட்ட இழப்பைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மறைத்தே வாழ்ந்த நாட்டில், ஊர் பார்க்க நடப்பதே பெரிய காரியம்.

இந்தியாவுக்கும் இது அந்நியமான கதை அல்ல. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16-இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய ஆய்வு, வயதுவந்தோரில் ஏறத்தாழ 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் குறைபாடு இருப்பதாகக் கண்டது. நோய்க்கு நோய் வேறுபட்டாலும், 70 முதல் 92 சதவீதம் பேர் உரிய சிகிச்சை பெறாதவர்களாகவே இருந்தார்கள். மருத்துவர்கள் போதாததும் கையில் காசு இல்லாததும் காரணங்கள். ‘வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாது’ என்ற பயமும் அவற்றுக்குக் குறைந்த காரணம் அல்ல. நன்கொடை நடையால் இவற்றில் இரண்டைத் தொட முடியும்: காசையும் பயத்தையும்.

ஒரு நடையை ஆதரிக்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, பணம் எங்கே போகிறது என்பதைத்தான். சென்னையை மட்டும் எடுத்துக்கொண்டாலே வேலைகள் பலவகை. 1984-இல் மருத்துவர் சாரதா மேனன் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ மனச்சிதைவு நோயாளிகளுக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருகிறது. 1986-இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ‘ஸ்நேகா’ தற்கொலைத் தடுப்புக்காக இயங்குகிறது. 1993-இல் தொடங்கிய ‘பான்யன்’, வீடின்றித் தெருவில் திரிந்த மனநோயாளிப் பெண்களுக்குப் புகலிடமாக எழுந்தது. இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. எந்த வேலைக்குப் பணம் என்று தெளிவாகச் சொல்லும் நடைக்கே ஆதரவு தர வேண்டும். சட்டைக்கும் மேடைக்கும் பிரமுகரின் வரவேற்புக்கும் செலவழித்து, மிச்சத்தை மட்டும் சேவைக்குக் கொடுக்கும் நிகழ்ச்சி அந்த ஆதரவுக்குத் தகுதியற்றது.

அடுத்தது, நன்கொடை கேட்பது. பலர் தயங்கி நிற்பதும் இங்கேதான், நடையின் உயிர் இருப்பதும் இங்கேதான். கூடப் படிப்பவரிடமும் மாமாவிடமும் மாடி வீட்டு அம்மாவிடமும் போய், ‘இந்த ஞாயிறு மனநலத்துக்காக நடக்கிறேன், உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்’ என்று கேட்கும்போது ‘மனநலம்’ என்ற சொல் அந்த வீட்டுக்குள் முதல்முறையாக நுழைகிறது. பணம் கொடுத்துவிட்டுச் சிலர் வாசலிலேயே நின்று, தாழ்ந்த குரலில், தம் வீட்டில் ஒருவர் மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லத் தொடங்குவார்கள். அப்போது அறிவுரை தேவையில்லை, பொறுமையாகக் கேட்பது போதும். கேட்டதை வேறு வாசலில் சொல்லாதிருப்பது கடமை. பணத்தைச் சொந்த ஜிபே எண்ணுக்கு வாங்கக் கூடாது. நிறுவனத்தின் கணக்குக்கே நேராகச் செலுத்தச் சொல்லி, ரசீதும் கொடுத்தவர் பெயரிலேயே கிடைக்கச் செய்ய வேண்டும்.

பதாகை வாசகங்களிலும் கவனம் வேண்டும். தற்கொலை செய்துகொண்ட விதத்தை எழுதுவதும், ‘தேர்வில் தோற்றதால்’ ‘காதல் முறிந்ததால்’ என்று ஒற்றைக் காரணம் கூறுவதும் தவறு. ஏற்கெனவே தவித்துக்கொண்டிருப்பவரை இவை மேலும் விளிம்புக்குத் தள்ளக்கூடும். உதவி கிடைக்கும் இடத்தையும் எண்ணையும் பெரிதாக எழுதுவதே நல்லது. மனநலக் களங்கத்தை ஒழிப்பது பற்றி ‘லான்செட்’ இதழ் அமைத்த ஆணையம் 2022-இல் தந்த அறிக்கை, நோயை அனுபவித்தவர்களோடு பழகுவதே அந்தக் களங்கத்தைக் குறைக்கும் மிகச் சிறந்த வழி என்கிறது. ஆகவே கொடியசைக்க நடிகரைத் தேடுவதை விட, குணமடைந்து வேலைக்குப் போகும் ஒருவர் விருப்பத்தோடு இரண்டு நிமிடம் பேசுவது மேல். அவர் விரும்பாவிட்டால் வற்புறுத்தக் கூடாது.

நடக்கும் நாளுக்கான ஏற்பாடுகள் சாதாரணமானவை: காவல்துறை அனுமதி, குடிநீர், முதலுதவி, வெயில் ஏறும் முன் முடியும்படியான நேரம். ஒன்றை மட்டும் பலரும் மறந்துவிடுகிறார்கள். கூட்டத்தில் யாராவது உடைந்து அழக்கூடும். அவரை அழைத்துப்போய் உட்காரவைக்க ஓர் ஒதுக்குப்புறமும், பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரும் இருந்தாக வேண்டும். ‘சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?’ என்று அக்கறையோடு கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி இல்லை. கேட்டதும் பலருக்குப் பாரம் இறங்குகிறது.

நடை முடிந்த வாரத்தில், திரண்ட தொகையையும் அது சேர்ந்த இடத்தையும் நன்கொடையாளர் ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும். அடுத்த ஆண்டு அதே கதவைத் தட்டும் உரிமை அதனால்தான் கிடைக்கும். கடைசியாக ஒன்று: மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. உலக மனநல நாளான அக்டோபர் 10-இல், 2022-ஆம் ஆண்டு தொடங்கிய சேவை இது. 24 மணி நேரமும் கட்டணமின்றி, தமிழிலும் பேசலாம். அந்த எண்ணை இன்றே கைபேசியில் பதிந்துகொள். நன்கொடை கேட்டுப் போகும் ஒவ்வொரு வீட்டிலும் அதை எழுதிக் கொடுத்துவிட்டு வா.

அன்புடன்,
அக்கா