பின்னால் மாட்டும் எடை: திருப்புத்திறன் பாடத்திற்கு ஒரு செயல்பாடு

பத்தாம் வகுப்பு அறிவியலின் முதல் அலகான 'இயக்க விதிகள்' பாடத்தில் திருப்புத்திறன் வருகிறது. சூத்திரம் மாணவர்களுக்குச் சிரமமில்லை. சீசா பலகையை வரைந்து கொடுத்தால் கணக்கைப் போட்டுவிடுகிறார்கள். படத்தை அழித்துவிட்டு ஒரு வண்டியைச் சொல்லி, "இதில் சுழல் புள்ளி எங்கே?" என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிறது.

மயிலாப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டிராக்டர் அவ்வளவு பழக்கமில்லை. ஜேசிபி நன்றாகத் தெரியும். மழைநீர் வடிகாலுக்குத் தோண்டாத தெரு நம் ஊரில் ஏது? முன்னால் அள்ளும் பக்கெட், பின்னால் தோண்டும் கை. பக்கெட் மண்ணைத் தூக்கும்போது, பின்னால் மடங்கியிருக்கும் அந்தக் கனத்த கைதான் எதிர் எடையாகவும் வேலை செய்கிறது. சிறிய டிராக்டரில் முன்பக்க லோடரை மட்டும் பொருத்தினால் பின்னால் அப்படி ஒன்றும் இருக்காது. எனவே, சொந்தக்காரரே ஓர் எடையைச் செய்து மாட்டிக்கொள்வதுண்டு. இந்த ஒரு பொருளை வைத்து நான் இரண்டு பாடவேளைகள் நடத்துகிறேன்.

மாதிரிக்கு ஒரு பலகையும் நான்கு சக்கரங்களும் போதும். அச்சுகளுக்கு இடையே 16 செ.மீ. இருக்கட்டும். பலகை முன்னச்சுக்கு முன்னால் 12 செ.மீ., பின்னச்சுக்குப் பின்னால் 9 செ.மீ. நீண்டிருக்க வேண்டும். மணல் பொட்டலங்களை வைத்து மொத்த எடையை 1000 கிராம் ஆக்குங்கள். பின்சக்கரங்களைச் சமையலறைத் தராசின் மேலும், முன்சக்கரங்களை அதே உயரக் கட்டையின் மேலும் நிறுத்துங்கள். தராசு 600 காட்டும்வரை பொட்டலங்களை நகர்த்துங்கள். கிராமைக் கிலோவாகவும், நீளத்தைப் பத்து மடங்காகவும் எண்ணிக்கொண்டால் இதுவே நம் சிறிய டிராக்டர்.

இப்போது முன்முனையில் 400 கிராம் வையுங்கள். தராசு 300க்கு இறங்கும். முன்னால் பாரம் ஏற்றினால் பின்னால் எடை ஏன் குறைய வேண்டும்? சுழல் புள்ளி முன்சக்கரம் தரையைத் தொடும் இடம்தான் என்பதை மாணவர்கள் இங்கேதான் கண்டுபிடிக்கிறார்கள். 400 × 12 = 4800; அதை 16ஆல் வகுத்தால் 300. பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களில் மட்டுமே உண்டு. அந்தச் சக்கரங்களின் மேல் எடை பாதியானால் பிடிமானமும் பாதியாகும். சரிவில் இறங்கும் ஓட்டுநருக்கு இது உயிர்ப் பிரச்சினை.

அடுத்து 200 கிராமை நேராகப் பின்னச்சின் மேல் வையுங்கள். தராசு 500 காட்டும். முன்சக்கரங்கள் தாங்கும் 1100 கிராமில் மாற்றமில்லை. டயரில் தண்ணீர் நிரப்புவது ஏறக்குறைய இதைப் போன்றது. அதே 200 கிராமைப் பின்முனைக்கு நகர்த்துங்கள். தராசு ஏறத்தாழ 612 காட்டும். முன்னச்சின் சுமையும் 988 அளவுக்கு இறங்கிவிடும். எடை அதேதான், முன்னச்சிலிருந்து அதன் தொலைவு 16 செ.மீ.யிலிருந்து 25 செ.மீ. ஆகியிருக்கிறது. ஏற்றம் இறைத்தவர்களுக்கு இது கைவந்த கலை. நெடுமரத்தின் மேல் ஆள் முன்னும் பின்னும் நடக்க, சால் இறங்கி ஏறும். ஆளின் எடை மாறுவதில்லை.

இரண்டாம் பாடவேளை, 200 கிலோ எடையைச் செய்வது பற்றி. கான்கிரீட் ஒரு கனமீட்டர் சுமார் 2400 கிலோ. ஆகவே 83 லிட்டர் வேண்டும். 200 லிட்டர் டிரம்மில் பாதிக்குச் சற்றுக் குறைவு. உலர்ந்த மணலானால் சுமார் 125 லிட்டர், இரும்பானால் 25 லிட்டர்தான். இப்படி அடர்த்திப் பாடமும் கூடவே வந்துவிடுகிறது. சிறிய டிராக்டரின் பின் கைகளில் மாட்டும் ஊசி பெரும்பாலும் 22 மி.மீ. தடிமன், இரு கைகளுக்கும் இடையே சுமார் 68 செ.மீ. ஊசி தாங்கும் கம்பியோடு குறுக்குக் கம்பிகளைப் பற்றவைத்து, அதன் பிறகே கான்கிரீட் ஊற்ற வேண்டும். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. வெறும் கம்பியைச் செருகினால் ஒருநாள் பிடுங்கிக்கொண்டு வரும். ஈரச் சாக்கு போட்டுக் குறைந்தது 7 நாள் நனைக்க வேண்டும். முழுப் பாரத்தோடு ஓட்ட 28 நாள் பொறுப்பது நல்லது.

"எதுக்கு சார் இவ்வளவு? பின்னாடி ரெண்டு பேரை ஏறி நிக்கச் சொன்னா போதாதா?" என்று ஒவ்வோர் ஆண்டும் ஒருவன் கேட்பான். கேட்கட்டும். இந்தக் கேள்வியை அவசரமாகக் கடக்காதீர்கள். நம் வகுப்பில் ஓட்டுநர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். குலுக்கலில் கால் வழுக்கினால் ஆள் விழுவது பின்சக்கரத்தின் அருகில்தான். அவர் விழுந்த அந்த நொடியிலேயே எதிர் எடையும் போய்விடும்.

வீட்டுப்பாடமாக ஒன்று: தி.நகர் பனகல் பூங்கா அருகே மெட்ரோ பணியில் நிற்பது போன்ற கிரேன்களின் பின்புறம் அடுக்கியுள்ள பாளங்களைச் சாலையிலிருந்தே பார்த்து, சுழல் புள்ளியைக் குறித்து வரச் சொல்லலாம். அதற்கு முன் மாதிரி வண்டியில் ஒரு கணக்கு பாக்கி. பின்சக்கரம் தராசை விட்டு எழ, முன்முனையில் எத்தனை கிராம் வேண்டும்? எதிர் எடை இல்லாமல் 800. பின்முனையில் 200 கிராம் இருந்தால் ஏறத்தாழ 1217. முதலில் நோட்டில் போடட்டும், பிறகு பலகையில் பாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பார்க்கட்டும். ஒரு மாணவர் முன்முனைக்குக் கீழே கையை வைத்திருக்கட்டும். பலகை சாயும்போது சட்டென்றுதான் சாயும்.