கணவரின் இடமாறுதலோடு கூடவே வரும் வேலை
இராணுவ வீரர்களின் மனைவியருக்கும் பெண்ணைப் பெற்றவர்களுக்கும் ஒரு பாடம்

வேலூர் மாவட்டத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மகனைப் பட்டாளத்தில் சேர்ப்பது பல தலைமுறைப் பழக்கம். பையனுக்குப் பெண் பேசும்போது, "மாப்பிள்ளை மிலிட்டரி, பென்ஷன் உண்டு, கேன்டீன் உண்டு, குவாட்டர்ஸ் உண்டு" என்று எல்லாம் சொல்லப்படும். பி.எட். முடித்த பெண், நர்சிங் முடித்த பெண் திருமணத்துக்குப் பிறகு என்ன செய்வாள் என்ற பேச்சு மட்டும் வராது. "அவர் போகிற ஊருக்கெல்லாம் போக வேண்டும், இவளுக்கு எங்கே வேலை?" என்பதோடு அது முடிந்துவிடுகிறது.

சகோதரிகளே, ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பையன் 19 வயதில் சேர்கிறார். 27 வயதில் திருமணம், பெண்ணுக்கு 22. சிப்பாயாகச் சேர்ந்தவருக்கு 15 ஆண்டுப் பணியில் பென்ஷன் தகுதி வந்துவிடும். பெரிய பதவி உயர்வு கிடைக்காதவர்கள் 40 வயதை ஒட்டி வீடு திரும்பிவிடுகிறார்கள். பென்ஷன் என்பது கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பாதிதான். அப்போது மனைவிக்கு 35 வயது, பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் இருப்பார்கள். குடும்பத்துக்கு இரண்டாவது வருமானம் மிகவும் தேவைப்படும் நேரம் அதுதான். அந்த நேரத்தில் 13 ஆண்டுகள் வெறுமையாகக் கிடக்கும் சான்றிதழோடு ஒரு பெண் வேலை தேடிப் போவதும், நான்கு ஊர்களில் பணியாற்றிய அனுபவக் கடிதங்களோடு போவதும் ஒன்றாகாது. (2022இல் வந்த அக்னிபாத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு முதல் பணிக்காலமே நான்கு ஆண்டுதான். அதுவரை திருமணமும் கூடாது. அவர்கள் கணக்கு வேறு.)

ஆகவே படிப்பையோ வேலையையோ தேர்ந்தெடுக்கும்போது ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். இந்த வேலை ஓர் இடத்தோடு கட்டப்பட்டதா, ஒரு மாநிலத்தோடு கட்டப்பட்டதா, அல்லது என்னோடு வரக்கூடியதா?

ஆசிரியர் பணியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் டெட் தேர்வு நம் மாநிலப் பள்ளிகளுக்கானது. சி.பி.எஸ்.இ. நடத்தும் சி.டெட் தேர்வு கேந்திரிய வித்யாலயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகளுக்கானது. 2021இல் வந்த முடிவின்படி ஒருமுறை தேர்ச்சி பெற்றால் வாழ்நாள் முழுதும் செல்லும். கேந்திரிய வித்யாலயாக்கள் காலியிடங்களுக்கு ஒப்பந்த ஆசிரியர்களை நேர்காணல் வைத்து எடுப்பது வழக்கம். கல்வியாண்டு தொடங்கும் முன்பே விசாரித்து வைக்க வேண்டும். இராணுவ நலக் கல்விச் சங்கம் நடத்தும் ஆர்மி பப்ளிக் பள்ளிகள் நாடெங்கும் 130க்கு மேல் உள்ளன. அவற்றுக்கென்று தனியாக ஆன்லைன் தகுதித் தேர்வு உண்டு. அந்த மதிப்பெண் அட்டையை ஜலந்தரிலும் காட்டலாம், செகந்தராபாத்திலும் காட்டலாம்.

இங்கே பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க பி.எட். போதாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. தொடக்கக் கல்விப் பட்டயம் வேண்டும். பெரிய வகுப்புகளுக்குப் போக எண்ணுகிறவர்களுக்கு பி.எட். சரி, ஆனால் பாடத்தைப் பார்த்து எடுக்க வேண்டும். தமிழாசிரியர் பயிற்சி அருமையானதுதான், ஆனால் ஜோத்பூரில் அதற்கு இடமில்லை. கணிதம், அறிவியல், ஆங்கிலம் எங்கும் போகும். அதோடு பேச்சு இந்தி. அது பள்ளியில் சேர்ந்து படிக்க வேண்டியதில்லை, குவாட்டர்ஸ் வாசலில் ஆறு மாதத்தில் வந்துவிடும்.

செவிலியர் படிப்பு மாநிலத்தோடு கட்டப்பட்டது. தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்தவர் வேறு மாநிலத்தில் பணியாற்ற, இங்கிருந்து ஆட்சேபணை இல்லாச் சான்று பெற்று அங்கே பதிவு செய்துகொள்ள வேண்டும். இதற்குக் காலம் பிடிக்கும். கணவருக்கு மாறுதல் உத்தரவு கையில் வந்த அன்றே மனு போட்டுவிடுவது நல்லது. சாமான் கட்டிய பிறகு என்று தள்ளிப்போட்டால் புது ஊரில் பல மாதம் சும்மா இருக்க நேரிடும். 2003இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக்குகள் நாடு முழுவதும் இருக்கின்றன. செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக உதவியாளர், கணினிப் பணியாளர் என்று ஒப்பந்தத்தில் ஆட்களை எடுக்கிறார்கள். முன்னாள் படைவீரருக்கு முன்னுரிமை என்றாலும் மற்றவர்களும் விண்ணப்பிக்கலாம்.

அமெரிக்காவில் 2023 ஜனவரியில் ஒரு சட்டம் வந்தது. இராணுவ உத்தரவால் மாநிலம் மாறும் துணைவரின் தொழில் உரிமத்தைப் புதிய மாநிலமும் ஏற்க வேண்டும் என்று அது சொல்கிறது. நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் வந்தால் எத்தனையோ செவிலியர்களுக்கு நிம்மதி. சட்டம் படித்தவர்களுக்கு மட்டும் நிலைமை கொஞ்சம் நல்லது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி ஒரு மாநில பார் கவுன்சிலிலிருந்து இன்னொன்றுக்குப் பதிவைக் கட்டணமின்றி மாற்றிக்கொள்ளலாம்.

மத்திய அரசுப் பணியில் உள்ள பெண்களுக்கு இன்னொரு வழி. கணவன் மனைவி இருவரையும் கூடியவரை ஒரே ஊரில் பணியமர்த்த வேண்டும் என்று 2009 செப்டம்பர் 30 தேதியிட்ட பணியாளர் துறை உத்தரவு இருக்கிறது. அது உரிமை அல்ல, வழிகாட்டுதல்தான். இருந்தாலும் அந்தத் தேதியைக் குறிப்பிட்டு மனு எழுதினால் மனுவுக்கு வலு உண்டு.

வீட்டிலிருந்து செய்யும் தொழிலிலும் இதே கேள்விதான். கேக், ஊறுகாய் செய்து விற்க உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். அந்தப் பதிவு சமையல் நடக்கும் முகவரிக்கு உரியது. ஊர் மாறினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், வாடிக்கையாளரும் புதிது. அரசுக் குடியிருப்பு என்பதால் தொடங்கும் முன் அங்குள்ள அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதும் அவசியம். தையலும் அப்படித்தான், ஆனால் கைத்தொழில் உங்களோடு வரும், மெஷினும் வரும். கணக்கு எழுதும் வேலை இவற்றைவிட மேல் என்பது என் எண்ணம். டாலியும் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கலும் தெரிந்த பெண், ஆம்பூர் கடைக்காரரின் கணக்கை அசாமிலிருந்தும் எழுதலாம். ஊர் மாறியது கடைக்காரருக்குத் தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை. ஆனால் வீட்டில் டேட்டா என்ட்ரி வேலை தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று வரும் அழைப்புகளை நம்பாதீர்கள். வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்கமாட்டார். இணையத்தில் போடும் சுயவிவரத்தில் கணவரின் யூனிட் பெயரையோ பணியிடத்தையோ எழுதவும் கூடாது. அது அவருடைய பாதுகாப்பு.

ஃபீல்ட் பணியிடங்களில் குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள முடியாது. அந்த இரண்டு மூன்று ஆண்டுகளைப் பலர் பிறந்த வீட்டில் காத்திருந்தே கழித்துவிடுகிறார்கள். ஊர் மாறாமல் ஒரே இடத்தில் இருக்கக் கிடைப்பது அப்போதுதான். பி.எட். போன்ற நேரில் வகுப்புக்குப் போக வேண்டிய படிப்பை அப்போது முடித்துவிட வேண்டும். இக்னோ படிப்புகளில் ஊர் மாறினால் மண்டல மையத்தையும் மாற்றிக்கொள்ளலாம்.

இனிஷியல் விஷயம் நம் பெண்களுக்கே உரிய தொல்லை. பள்ளிச் சான்றிதழில் தந்தையின் இனிஷியல், ஆதாரில் கணவரின் இனிஷியல், இராணுவ ஆவணத்தில் கணவர் பெயர் முழுதாக, வடக்கே பள்ளி அலுவலகத்தில் "சர்நேம் என்ன?" என்ற கேள்வி. மூன்று ஆவணங்களில் மூன்று பெயர் இருந்தால் நேர்காணலில் தேறியும் வேலை கைநழுவலாம். திருமணத்துக்காகப் பெயரை மாற்ற வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. சான்றிதழில் உள்ள பெயரையே ஆதாரிலும் பான் அட்டையிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். கணவர் திருமணத்தை யூனிட்டில் பதிவு செய்யும்போதும் இதே எழுத்துக்கூட்டலைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக பி.எஃப். தனியார் பள்ளியிலோ மருத்துவமனையிலோ சம்பளத்தில் பிடித்தால் யு.ஏ.என். என்ற 12 இலக்க எண் தருவார்கள். எந்த ஊர், எந்த முதலாளி என்றாலும் அந்த ஓர் எண்தான். ஊர் மாறும்போதெல்லாம் "இருக்கிற பணத்தை எடுத்துவிடலாம்" என்று எடுத்துவிடுபவர்கள் அதிகம். பி.எஃப். பணத்தோடு பென்ஷன் பங்கையும் எடுத்துவிட்டால் அதுவரை செய்த பணிக்காலமும் போய்விடுகிறது. எடுக்காமல் வைத்தால் இங்கே மூன்று, அங்கே இரண்டு, பிறகு ஐந்து என்று சேர்த்து 10 ஆண்டு ஆகும்போது உங்கள் பெயரிலேயே பென்ஷனுக்குத் தகுதி வரும். இடையில் வேலை இல்லாத காலம் வந்தாலும் பரவாயில்லை. அந்தப் பணிக்காலத்தைக் காக்க 10சி படிவத்தில் திட்டச் சான்றிதழ் கேட்டு வாங்கலாம். வேலையை விட்டு விலகும் நாளில் அனுபவக் கடிதம், விடுவிப்புக் கடிதம், கடைசி மாதச் சம்பளச் சீட்டு மூன்றையும் வாங்கிக்கொண்டுதான் ரயில் ஏற வேண்டும். சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் அவற்றில் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். ஆயிரம் மைல் தள்ளிப் போன பிறகு அந்தத் தேதியைத் திருத்தி வாங்குவது எளிதல்ல.