குளிரில் ஓடுவோர் கைகளைக் காத்தல்

சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழ் 10 டிகிரி செல்சியசுக்கும் இறங்குவதுண்டு. அத்தகைய குளிரில் ஓடுவோருக்கு உடல் வியர்த்தாலும் விரல்கள் மரத்துப்போகலாம். இதன் காரணம் யாது? உள்ளுறுப்புகளின் வெப்பத்தைக் காக்கும் பொருட்டு, விரல்களிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. எதிர்க்காற்று எஞ்சிய வெப்பத்தையும் கவர்ந்து செல்கிறது.

ஆகவே, கைகள் குளிருமுன்பே உறை அணிதல் வேண்டும். விரல்கள் தனித்தனியே அமைந்த உறையைவிட, நான்கு விரல்களும் சேர்ந்திருக்கும் கம்பளி உறை மேலானது. விரல்கள் ஒன்றுக்கொன்று வெப்பம் அளிக்கின்றன. இறுக்கமான உறை இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். நனைந்த உறை வெப்பத்தை விரைந்து கடத்தும்.

விரல் வெளுத்து உணர்விழந்தால் ஆசிரியர் ஓட்டத்தை உடனே நிறுத்தி, அதனை அக்குளில் வைக்கச் செய்க. தேய்த்தலும் நெருப்பில் காட்டலும் கூடா. உணர்விழந்த விரல் சுடுவதை அறியாது. உணர்வு திரும்பாவிடில் மருத்துவரை நாடுக.