ஊறப்போட்டால் போதுமா ஹைட்ராலிக் டேப்பட்?

புது டேப்பட்டை ராத்திரி முழுக்க ஆயிலில் ஊறப்போட்டு, காலையில் மாட்டினால் போதும் என்பது பழைய ஃபோக்ஸ்வேகன் வேன்களின் இன்ஜினைப் பிரித்துப் பூட்டுவோர் பலரின் நம்பிக்கை. ஆயில் குளியலால் கெடுதல் ஏதும் இல்லை. பெரிய பலனும் இல்லை.

அமெரிக்காவில் விற்ற இந்த வேன்களின் 2 லிட்டர் ஏர்-கூல்டு இன்ஜினுக்கு 1978 மாடலில்தான் ஹைட்ராலிக் டேப்பட் வந்தது. காற்றால் குளிரும் இன்ஜினில் சிலிண்டரும் ஹெட்டும் சூடேறி விரியும்போது வால்வு இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். பீட்டில் காரில் இன்ஜின் ஆறிய பிறகு 0.15 மில்லிமீட்டர் கேஜை நுழைத்து அடிக்கடி சரிபார்க்க வேண்டியிருந்தது. அந்த வேலையை இங்கே டேப்பட்டுக்குள் இருக்கும் ஆயில் பார்த்துக்கொள்கிறது.

சிக்கலும் அந்த ஆயிலில்தான். டேப்பட்டுக்குள் ஒரு பிளஞ்சர். அதன் அடியில் ஸ்பிரிங்கும் சின்ன குண்டு வால்வும். வால்வு மூடியே கிடப்பதால் பிளஞ்சருக்கு அடியில் சிக்கிய காற்று, வெளியே எவ்வளவு ஆயில் இருந்தாலும் நகராது. ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். அதனால் இன்ஜின் வால்வு முழுதாகத் திறக்காமல் டக்-டக் சத்தம் கேட்கும். போதாக்குறைக்கு, இந்த இன்ஜினில் டேப்பட்டுகள் படுத்த நிலையில் இருக்கின்றன. குமிழ் தானாக மேலேறி வெளியேறவும் வழியில்லை. எனவே லாக் வளையத்தைக் கழற்றி, உள்ளே ஆயில் நிரப்பி, மெல்லிய கம்பியால் குண்டைத் தள்ளிப் பிடித்தபடி பிளஞ்சரை அமுக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். பிறகு அழுத்திப் பார்த்தால் கல் மாதிரி நிற்கவேண்டும். பஞ்சு மாதிரி அமுங்கினால் திரும்பவும் முதலிலிருந்து.

கழற்றிய பாகங்கள் கலந்துவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்வோர் உண்டு. அது தவறு. ஒவ்வொரு பிளஞ்சரும் அதனதன் உறைக்கே மிக நுட்பமாகப் பொருத்தப்பட்டது. பழைய டேப்பட்டைப் புது கேம்ஷாஃப்டோடு சேர்ப்பதும் சிக்கனம் அல்ல. தேய்ந்த முகம் புது கேமைச் சீக்கிரமே தின்றுவிடும்.

"ஹைட்ராலிக் என்றால் செட்டிங்கே வேண்டாம்" என்பதில் பாதிதான் உண்மை. பூட்டும்போது ஒரு முறை வைத்தாக வேண்டும்: ராக்கர் ஸ்க்ரூ வால்வு நுனியைத் தொட்டதும், மேலும் இரண்டு சுற்று உள்ளே. இந்தக் கணக்கு இந்த ஃபோக்ஸ்வேகன் இன்ஜினுக்கு மட்டும். வேறு இன்ஜினுக்கு அதன் மேனுவலைப் பார்க்க வேண்டும். ஸ்க்ரூ இறுக்கிய கையோடு செல்ஃப் அடிக்கவும் கூடாது. நிரம்பிய டேப்பட் வால்வைச் சற்றே திறந்து வைத்திருக்கும். ஆயில் கசிந்து பிளஞ்சர் இறங்க அரைமணி நேரமாவது கொடுக்க வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டில் சத்தம் கேட்டதுமே டேப்பட் போச்சு என்று கையைப் பிசைய வேண்டியதில்லை. இன்ஜின் சூடேறியபின் அடங்கினால் மிச்சக் காற்றுதான் காரணம். அடங்காவிட்டால், புது டேப்பட் வாங்கும் முன் ஆயில் பிரஷரை அளந்து பார்ப்பது செலவு குறைந்த வழி.