குப்பைமேட்டில் மடிந்த வேழங்கள்

களிறு, பிடி, கயந்தலை என யானைக்குப் பல பெயரிட்டு வழங்கியது நம் தமிழ். 1986 முதல் அருகிவரும் இனமாகக் கணிக்கப்படும் அவ்விலங்கு, நம் அம்பாறை மாவட்டத்தில் மடிந்தவாற்றைக் காண்போம்.

பள்ளக்காட்டில் ஒன்பது அயலூர்களின் குப்பை கொட்டப்பட்டு வந்தது. அதனைச் சூழ்ந்த மின்வேலி 2014இல் மின்னல் தாக்கிப் பழுதுற்றது, செப்பனிடுவார் இலராயினர். இரைதேடிப் புகுந்த யானைகள் மிச்சச் சோற்றோடு பொலித்தீனையும் விழுங்கின. அது செரியாது குடலை அடைக்கும். பின்னர் உணவும் நீரும் இறங்கா. 2022 ஜனவரி வரையான எட்டாண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அங்கே மாண்டன.

சோற்றுப்பொதி சுற்றிய தாளை எறியுமுன், அது சென்றடையும் இடத்தைச் சிந்திப்போமாக. யானையின் பெயர்களைக் கற்பிக்கும் நாம் இதனையும் மாணாக்கர்க்குக் கற்பித்தல் கடனன்றோ? பெயர் எஞ்சி உயிர் மறைதல் நமக்கு இழுக்காகும்.